டிரம் இல்லாத இசைக்குக் காலால் தாளம்: புளூகிராஸ் கேட்கவும் கிளாகிங் ஆடவும் பழகும் வழி

புளூகிராஸ் என்பது அமெரிக்க மலைப்பகுதி மரபில் வளர்ந்த தந்தி வாத்திய இசை. அந்தக் குழுவை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைக் கவனிப்பதில்லை. மேடையில் பாஞ்சோ இருக்கும், ஃபிடில் இருக்கும், மேண்டலின், கிட்டார், ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும் பாஸ் எல்லாம் இருக்கும். டிரம் இருக்காது. ஆனாலும் அந்த இசை யாரையும் சும்மா உட்கார விடாது. அந்தத் தாளம் எந்த வாத்தியத்திலிருந்து வருகிறது என்று பிடித்துவிட்டால் புளூகிராஸ் கேட்கத் தெரிந்துவிடும். பிடித்த தாளத்தைக் காலுக்கு இறக்கினால் அதுதான் கிளாகிங். இரண்டையும் சேர்த்தே பழக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆட்டம் மட்டும் கற்றுக்கொண்டவர்கள் பாட்டு மாறினால் தடுமாறுவதைப் பார்க்கிறேன். பாட்டு மட்டும் கேட்கிறவர்கள் இந்த இசையின் பாதி இன்பத்தை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

நான் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், ஆஷ்வில் நகருக்குப் பக்கத்தில், அப்பலாச்சிய மலைகளுக்கு நடுவே குடியிருக்கிறேன். கிளாகிங் இந்த மாநிலத்தின் அதிகாரப்பூர்வ நாட்டுப்புற நடனம். 2005இல் சட்டமாகவே ஆக்கினார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து மாவட்டத்தில் ஒரு சமூகக் கூடத்தில் வகுப்பு எடுக்கும் மூதாட்டி. அவருக்கு அவருடைய தாத்தா சமையலறைத் தரையில் சொல்லிக்கொடுத்தாராம். அவரிடமிருந்து எனக்கு வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காது

வேகமான ஒரு புளூகிராஸ் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாஞ்சோவை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதுதான் முதலில் காதை இழுக்கும், அதனால்தான் சொல்கிறேன். அடியில் போகும் பாஸை மட்டும் கேளுங்கள். 'தும்… தும்… தும்…' என்று சீராக, ஒரு தாழ்ந்த சுரமும் அதற்கு ஐந்தாவது சுரமுமாக மாறி மாறி விழும். அது பிடிபட்டதும் அதே பாட்டைத் திரும்பப் போட்டு மேண்டலினைத் தேடுங்கள். ஒவ்வொரு 'தும்'முக்கும் நடுவில் 'சக்' என்று வறண்ட ஒரு வெட்டு விழும். வாசிப்பவர் எல்லாத் தந்திகளையும் ஒரே வீச்சில் தட்டிவிட்டு, இடது கை விரல்களை உடனே தளர்த்தி ஒலியை அடைத்துவிடுகிறார். இதற்கு 'சாப்' என்று பெயர். தும்-சக், தும்-சக். டிரம் செய்ய வேண்டிய வேலையை இந்த இரண்டு வாத்தியங்களும் பங்கு போட்டுச் செய்கின்றன.

இது தானாக வந்த ஏற்பாடு இல்லை. கென்டக்கியில் ரோசின் என்ற சிற்றூரில் 1911இல் பிறந்த பில் மன்றோ ஒரு மேண்டலின்காரர். தன் மாநிலத்தின் செல்லப் பெயரைக் குழுவுக்கு வைத்து 'புளூ கிராஸ் பாய்ஸ்' என்று அழைத்தார். இசைக்கே பிறகு அந்தப் பெயர் நிலைத்தது. 1939இல் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி மேடைக்கு வந்தார். 1945 டிசம்பரில் எர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர் அந்தக் குழுவில் சேர்ந்தார். வட கரோலினாவின் கிளீவ்லாந்து மாவட்டத்துக்காரர், வயது 21. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் தந்தி மீட்டும் வளையங்களை மாட்டிக்கொண்டு அவர் பாஞ்சோவை உருட்டிய விதம் கேட்டவர்களைத் திகைக்க வைத்தது. மன்றோ, ஸ்க்ரக்ஸ், கிட்டாரில் லெஸ்டர் ஃப்ளாட், ஃபிடிலில் சப்பி வைஸ், பாஸில் ஹோவர்ட் வாட்ஸ். இந்த ஐவர் சேர்ந்து வாசித்த ஒலிதான் இன்றுவரை எல்லாக் குழுக்களுக்கும் அளவுகோல். அவர்களுடைய பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். ஒலித்தரம் சுமார்தான், ஆனால் தும்-சக் அதில் கண்ணாடி மாதிரித் தெரியும்.

இப்போது பாஞ்சோவுக்கு வரலாம். ஐந்து தந்திகளில் ஐந்தாவது மட்டும் குட்டையானது. கழுத்தின் பாதியிலேயே அதன் முளை இருக்கும். கட்டைவிரல் அதை அடிக்கடி தொட்டுக்கொண்டே இருப்பதால், பாட்டு எங்கே போனாலும் மேலே ஒரு சுரம் விடாமல் மின்னிக்கொண்டிருக்கும். பாட்டின் மெட்டு அந்த உருட்டலுக்குள் ஒளிந்திருக்கும். அதைத் தேடிக் கேட்பதில் ஒரு தனிச் சுகம். பாஞ்சோவின் மூதாதைகள் மேற்கு ஆப்பிரிக்காவின் சுரைக்குடுக்கை வாத்தியங்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களோடு அந்தக் கைவினையும் கடல் கடந்து வந்தது. ஃபிடில் மெட்டுகள் ஸ்காட்லாந்து, அயர்லாந்து குடியேறிகளோடு வந்தவை. கிளாகிங்கும் இப்படிக் கலந்து பிறந்ததுதான். பிரிட்டன், அயர்லாந்துப் பக்கத்துக் காலாட்டமும் கறுப்பின மக்களின் 'பக் டான்ஸ்' ஆட்டமும் இந்த மலைகளில் ஒன்றாகக் கலந்தன. இந்த மலைகளின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களின் ஆட்டச் சாயலும் உண்டு என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்வார்கள். ஆடும்போது இந்தப் பூர்வீகத்தை மறக்கக் கூடாது என்று என் ஆசிரியை வகுப்பில் அடிக்கடி நினைவூட்டுவார்.

கேட்பதில் இன்னும் ஒரே ஒரு பயிற்சி பாக்கி. ஃபிடில் மெட்டுகள் பெரும்பாலும் இரண்டு பகுதிகளாக இருக்கும். முதல் பகுதி இரண்டு முறை, அப்புறம் இரண்டாம் பகுதி இரண்டு முறை, திரும்ப முதலிலிருந்து. ஒரு பகுதிக்கு 16 'தும்' என்று எண்ணிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு மனதில் பதிந்துவிட்டால், பகுதி முடியப்போகிறது என்று உங்கள் உடம்புக்கே தெரியும். ஆடும்போது இது எவ்வளவு பெரிய உதவி என்று பிறகு புரியும்.

தரை, காலணி

சிமென்ட் தரையில் ஆடவே ஆடாதீர்கள். முன்னங்கால் எலும்பும் முழங்காலும் வலி கண்டுவிடும், ஒலியும் செத்துப்போகும். மரத்தரை இல்லாவிட்டால் நான்கடிக்கு நான்கடி ஒரு பிளைவுட் பலகை போதும். முக்கால் அங்குலத் தடிமன் இருந்தால் நல்லது, அடியில் பழைய கம்பளம் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே விழாக்களுக்குப் போனால் காரின் பின்பக்கத்திலிருந்து பலகையை இறக்கி, பாட்டு கேட்கும் இடத்தில் போட்டு ஆடுகிறவர்களைப் பார்க்கலாம்.

தொடக்கத்தில் தோல் அடிப்பாகம் உள்ள சாதாரண ஷூ போதும். ரப்பர் அடிப்பாகம் தரையைப் பிடித்துக்கொள்ளும், உரசவே முடியாது. ஷூவின் அடியில் ஒலிக்காகப் பொருத்தும் உலோகத் தகட்டுக்கு 'டேப்' என்று பெயர். கிளாகிங்குக்கென்று உள்ள டேப் வேறு வகை. இரட்டைத் தகடு. ஒன்று ஷூவில் இறுகப் பொருத்தியிருக்கும், இன்னொன்று அதன் மேல் தளர்வாக ஆடும். காலைத் தூக்கினாலும் இறக்கினாலும் இரண்டும் மோதிக் கலகலக்கும். அந்த ஒலியில் மயங்கி முதல் வாரமே வாங்கிவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். தகடு இல்லாமல் தெளிவாகக் கேட்கும் அடிதான் தகடு போட்ட பிறகும் தெளிவாகக் கேட்கும். தகடு கலகலப்பதால் குழம்பிய அடிகூட ஏதோ ஒலி எழுப்பிவிடும், பிழை தெரியாமலே போய்விடும்.

காலுக்கு வருவோம்

நேராக நில்லுங்கள். தோளைத் தளர விடுங்கள், கைகள் பக்கத்தில் சும்மா தொங்கட்டும். முழங்கால் இரண்டும் லேசாக மடங்கியிருக்கட்டும். பாட்டைப் போட்டு, ஒவ்வொரு 'தும்'முக்கும் உடம்பு கொஞ்சம் இறங்க வேண்டும், ஒவ்வொரு 'சக்'குக்கும் கொஞ்சம் எழ வேண்டும். கால் தரையை விட்டு எழவே வேண்டாம். இதை மட்டும் ஒரு முழுப் பாட்டுக்குச் செய்யுங்கள். சலிப்பாகத் தோன்றும், பரவாயில்லை, செய்யுங்கள். கிளாகிங்கின் துள்ளல் முழுக்க இந்த முழங்காலில்தான் இருக்கிறது. "முழங்காலைக் கவனி, பாதம் தன்னால் வரும்" என்பார் என் ஆசிரியை. முழங்கால் விறைத்துப்போனவர்கள் எவ்வளவு சிக்கலான அடி போட்டாலும் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அடுத்தது 'டபுள்'. வலது காலில் எடையை வைத்துக்கொண்டு, இடது பாதத்தின் முன்பகுதியால் தரையை முன்னோக்கி ஒரு உரசல், உடனே பின்னோக்கி ஒரு உரசல். இரண்டு ஒலிகள். கணுக்காலைத் தளர விடுங்கள், தொடையிலிருந்து உதைக்காதீர்கள். அந்தக் காலை உடனே தரையில் வைத்து எடையை அதற்கு மாற்றுங்கள், குதிகாலும் தரையைத் தொட வேண்டும். அது 'ஸ்டெப்'. மூன்று ஒலிகள் சேர்ந்தது 'டபுள்-ஸ்டெப்'. முதல் உரசல் 'சக்'கின் மேல், இரண்டாவது உரசல் இடைவெளியில், ஸ்டெப் 'தும்'மின் மேல்.

பிறகு 'ராக்-ஸ்டெப்'. வலது பாதத்தின் முன்பகுதியை இடது காலுக்குச் சற்றுப் பின்னால் ஊன்றி, ஒரு கணம் எடையை அதில் வையுங்கள். இடது கால் லேசாக எழும். அதுதான் ராக், 'சக்'கின் மேல் விழும். உடனே இடது காலை அதே இடத்தில் திரும்ப வையுங்கள், அது 'தும்'மின் மேல். இப்போது எடை இடது காலில், வலது கால் சும்மா இருக்கிறது. ஆகவே அடுத்த டபுள் வலது காலில் தொடங்கும். டபுள்-ஸ்டெப், ராக்-ஸ்டெப். இதுதான் அடிப்படை அடி. கிளாகிங்கில் பார்க்கிற பெரும்பாலான வித்தைகளும் இதை நீட்டியும் வெட்டியும் செய்தவைதான்.

வாயால் சொல்லிக்கொண்டே ஆடுங்கள். நம் நடன வகுப்பில் சொற்கட்டு சொல்வதைப் போல இங்கேயும் ஆசிரியர்கள் அடியின் பெயரையே தாளத்தில் சொல்வார்கள்: 'டபுள்-ஸ்டெப், ராக்-ஸ்டெப்'. வாய் தாளத்தை விட்டால் கால் கட்டாயம் விடும். வாய் சரியாகச் சொன்னால் கால் கொஞ்ச நாளில் பின்னாலேயே வந்துவிடும்.

வேகத்தில் பொறுமை வேண்டும். நிமிடத்துக்கு 90 அல்லது 100 'தும்' உள்ள பாட்டில் தொடங்குங்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் 140ஐத் தாண்டியும் சிரித்துக்கொண்டே ஆடுவார்கள். அதைப் பார்த்து மலைக்கவும் வேண்டாம், அதே பாட்டைப் போட்டுப் பயிற்சி எடுக்கவும் வேண்டாம். வேகம் குறைத்து ஒலிக்க வைக்கும் செயலி எதுவாக இருந்தாலும் உதவும். முன்னங்கால் எலும்பு வலித்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். தரையை ஓங்கி மிதிக்கிறீர்கள் என்று பொருள்; உரசலில்தான் ஒலி வர வேண்டும்.

அடிப்படை அடி கைவந்ததும் 'டிரிபிள்': டபுள்-ஸ்டெப் மூன்று முறை கால் மாற்றி மாற்றி, முடிவில் ஒரு ராக்-ஸ்டெப். நான்கு 'தும்' பிடிக்கும். அப்போது கணக்கு அழகாகக் கூடிவரும். பதினாறு 'தும்' உள்ள ஒரு பகுதிக்கு எட்டு அடிப்படை அடிகள், அல்லது நான்கு டிரிபிள். முதல் பகுதியில் அடிப்படை, இரண்டாம் பகுதியில் டிரிபிள் என்று வைத்துக்கொண்டு, மெட்டு மாறும் அதே நொடியில் கால் மாறுகிறதா என்று பாருங்கள். மாறியது என்றால் நீங்கள் அந்தக் குழுவில் ஒரு வாத்தியம் ஆகிவிட்டீர்கள். எனக்கு இந்த ஆட்டத்தில் ஆகப் பிடித்த இடம் இதுதான். மேடையில் ஃபிடில்காரர் இரண்டாம் பகுதிக்குள் தாவும்போது தரையில் இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து தாவுவார்கள். ஒருவரும் கை காட்டவில்லை, ஒருவரும் எண்ணவில்லை.

அப்புறம் 'செயின்': ஒரு டபுள்-ஸ்டெப், தொடர்ந்து மூன்று ராக்-ஸ்டெப். இதுவும் நான்கு 'தும்'தான்.

பாதத்தைத் தரையை விட்டு அதிகம் தூக்காமல், சத்தத்தை நெருக்கமாக வைத்து ஆடுவதற்கு 'பிளாட்ஃபுட்டிங்' என்று பெயர். வர்ஜீனியாவின் தென்மேற்கு மலைகளில் வயதானவர்கள் இப்படித்தான் ஆடுவார்கள். இடுப்புக்கு மேலே அசைவே இருக்காது, கால் மட்டும் பேசும். முழங்கால் பலம் இல்லாதவர்கள் தயங்காமல் இந்தப் பக்கம் வரலாம். வெள்ளை ஷூவும் விரிந்த பாவாடையுமாக எல்லாரும் ஒரே அடியை ஒரே நேரத்தில் போடும் குழு ஆட்டம் பிறகு வந்தது. 1950களின் பிற்பகுதியில் ஹெண்டர்சன்வில் ஊரின் ஜேம்ஸ் கெஸ்டர்சனின் குழு அதைப் பரவலாக்கியது. அதற்கு முந்தைய குழுக்களில் சேர்ந்து நின்று சுற்றும் அமைப்பு மட்டும்தான் பொது, காலடி அவரவர் விருப்பம். 1939இல் மேகி வேலியின் சாம் குவீன் நடத்திய சோகோ கேப் குழு வெள்ளை மாளிகையில் இங்கிலாந்தின் ஆறாம் ஜார்ஜ் மன்னர் முன்னால் ஆடியதும் அந்தப் பழைய முறையில்தான். என் மனம் பழைய முறைப் பக்கம்தான் சாயும். ஒரே பாட்டுக்கு எட்டுப் பேர் எட்டு விதமாக ஆடி, எல்லார் காலும் 'தும்'மில் மட்டும் ஒன்றாக விழுவது கேட்கக் கேட்கத் திகட்டாது.

எந்த இசைக்கு ஆடுவது

பழகும்போது 'ஓல்ட்-டைம்' என்று சொல்லப்படும் பழைய மலை இசைக்கு ஆடுங்கள். புளூகிராஸுக்குத் தாய் அது. அதில் எல்லாரும் சேர்ந்து ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், யாரும் தனியாக முன்னால் வர மாட்டார்கள். கால் நன்றாக ஊன்றிக்கொள்ளும். புளூகிராஸில் பாஞ்சோ, ஃபிடில், மேண்டலின் என்று ஒவ்வொருவராக முன்னால் வந்து தன் கைவண்ணத்தைக் காட்டிவிட்டுப் பின்வாங்குவார்கள். அதை 'பிரேக்' என்பார்கள். ஒருவர் பிரேக் எடுக்கும்போது மற்றவர்கள் ஒலியைத் தாழ்த்துவார்கள். ஆடுகிறவரும் அப்படித்தான் செய்ய வேண்டும். பாடகர் பாடும்போதும் அடியைத் தாழ்த்தி, பாட்டு நின்று வாத்தியம் எழும்போது அடியையும் எழுப்புங்கள். இந்த இங்கிதம் தெரிந்தவரை இசைக்காரர்கள் மேடையிலிருந்தே கண்டுகொள்வார்கள்.

எங்கே போவது

இந்தப் பக்கம் வந்தால் ஆஷ்வில்லின் பேக் ஸ்குவேர் பூங்காவில் கோடைக்காலச் சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் 'ஷிண்டிக் ஆன் தி கிரீன்' நிகழ்ச்சியை விட்டுவிடாதீர்கள். 1967இல் தொடங்கியது, கட்டணம் கிடையாது. மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள். மேடையைவிட எனக்குப் பிடித்தது அதைச் சுற்றி மரத்தடியில் நாலைந்து பேராக வட்டம் போட்டு வாசிப்பவர்கள்தான். பக்கத்தில் போய் நின்று பாஸையும் சாப்பையும் நேருக்கு நேர் கேட்கலாம். வட்டத்துக்கு வெளியே நில்லுங்கள், நடுவே போகாதீர்கள். காலால் தாளம் போட ஆசை இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது. வட்டத்தில் ஒருவர் ஒற்றைக் காலைத் தூக்கினால் மெட்டு இந்தச் சுற்றோடு முடிகிறது என்று அர்த்தம். நீங்களும் சேர்ந்து நிறுத்தத் தயாராகிவிடலாம்.

இதே நகரில் பாஸ்கம் லமார் லன்ஸ்ஃபோர்ட் என்ற பாட்டுச் சேகரிப்பாளர் 1928இல் தொடங்கிய 'மவுண்டன் டான்ஸ் அண்ட் ஃபோக் ஃபெஸ்டிவல்' ஆட்டக் குழுக்களைப் பார்க்க ஏற்ற இடம். வர்ஜீனியாவில் ஃப்ளாய்ட் ஊரின் கண்ட்ரி ஸ்டோர் ஒரு பலசரக்குக் கடை. வெள்ளிக்கிழமை இரவில் நாற்காலிகள் போட்டு, மேடைக்கு முன்னால் ஆடுவதற்கு மரத்தரை விடுவார்கள். முதலில் பக்திப் பாடல்கள், அப்புறம் ஆட்டம். அதே மாநிலத்தில் ஹில்டன்ஸ் ஊரின் 'கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்ட்' என்ற இசை அரங்கில் சனிக்கிழமைகளில் இப்படியே நடக்கும், மின்கருவி வாத்தியங்கள் இல்லாமல். குழந்தைகளும் தாத்தா பாட்டிகளும் ஒன்றாக ஆடும் இடங்கள் இவை. புதிதாக ஆட விரும்புபவருக்கு இதைவிடப் பாதுகாப்பான தரை கிடையாது. வர்ஜீனியாவின் காலக்ஸ் ஊரில் 1935 முதல் நடக்கும் ஃபிடில்காரர்கள் போட்டி ஆகஸ்டில் வரும். அங்கே பிளாட்ஃபுட்டிங் போட்டியும் உண்டு.

தரையில் இறங்கும் முறை எளிது. ஓரத்தில் தொடங்குங்கள். முன்னால் நடுவில் ஆடுகிறவர்கள் ஆண்டுக்கணக்காக அந்த இடத்தில் ஆடுகிறவர்களாக இருப்பார்கள். இரண்டு பாட்டு அவர்கள் காலைப் பாருங்கள். யாருடைய அடி பிடித்திருக்கிறதோ அவரிடம் பாட்டு முடிந்ததும் போய், "அந்தக் கடைசி அடியை இன்னொரு முறை காட்டுவீர்களா" என்று கேளுங்கள். நான் கேட்டவர்களில் ஒருவரும் மறுத்ததில்லை. பாதிப் பேர் கையைப் பிடித்துத் தரைக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சில இடங்களில் நடுவில் அழைப்பாளர் ஒருவர் நின்று பெரிய வட்ட ஆட்டம் நடத்துவார். அவர் சொல்வதைக் கேட்டுக் கைகோத்துச் சுற்ற வேண்டும். 'பேர்டி இன் தி கேஜ்' என்று சத்தமாகச் சொன்னால் நான்கு பேரில் ஒருவர் நடுவில் நிற்க, மூன்று பேர் கைகோத்துச் சுற்றுவார்கள். இந்த அமைப்புகளை முன்கூட்டிப் படித்துவைக்க வேண்டியதில்லை. எதிரே இருக்கும் ஜோடி என்ன செய்கிறது என்று பார்த்து, வலது கையா இடது கையா என்பதை மட்டும் கவனித்தால் போதும். கால் எப்படிப் போக வேண்டும் என்று அழைப்பாளர் சொல்ல மாட்டார். தெரிந்த அடியைப் போடலாம், தெரியாவிட்டால் தும்-சக்குக்கு நடந்தாலே போதும். பாட்டு தொடங்குமுன் ஷூ நாடாவை இரட்டை முடிச்சாகக் கட்டிக்கொள்ளுங்கள், தண்ணீர் பாட்டிலை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று பத்து நிமிடம்கூடப் போகும்.